சாவித் துவாரத்தைச் சுற்றி

மாமனாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டை அவிழ்க்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அதற்குள் அவருடைய காரின் மரப்பலகையில் இருந்த கீறல்கள் போயாக வேண்டும்.

மூத்த மருமகள் இதை யாரிடமும் சொல்லவில்லை. காலை வேலைகளை முடித்தாள். பழைய பனியன் ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாள். சமையலறை வாசலைத் தாண்டுவதற்குள் மாமியார் பிடித்துவிட்டார்.

“எங்கே கிளம்பிட்டே, கிண்ணமும் கையுமா?”

“கார் ஷெட்டுக்கு, அத்தை.”

“எதுக்கு?”

“அந்தக் கீறலை... கொஞ்சம் சரி பண்ணலாம்னு...”

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். அது நல்லதற்கில்லை. காய் நறுக்கிக்கொண்டே திட்டினால் பாதிக் கவனம் காயில் இருக்கும்.

“கீறினதும் நீ, இப்போ பூசி மெழுகப் போறதும் நீயா? நாலு மாசமா அந்த மனுஷன் உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசல. அந்த வண்டி அவருக்குப் பெத்த பிள்ளை மாதிரி. பெத்த பிள்ளையைக்கூட அவர் இப்படித் துடைச்சதில்ல!”

“தெரியும், அத்தை.”

“என்ன தெரியும்? தெரிஞ்சா கையில வளையலை மாட்டிக்கிட்டு வண்டியைத் துடைக்கப் போவியா? நாளைக்குக் கண்ணு தொறந்து வந்து முதல்ல அதைத்தான் பார்க்கப் போறார். அப்புறம் வீட்டுல என்ன நடக்குமோ!”

கூடத்திலிருந்து சின்ன மருமகளின் குரல் வந்தது. “அக்கா! பற்பசை தேய்ச்சாப் போயிடுமாம். வீடியோவுல காட்டறாங்க!”

“வாயை மூடு, ரேடியோ!” என்றார் மாமியார்.

சின்னவளுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர். அவள் கணவன் கப்பலில் வேலை. அவன் ஊரில் இல்லாத மாதங்களில் பேச வேண்டியதையெல்லாம் அவள் மற்றவர்களிடம் பேசித் தீர்த்துவிடுவாள். மாமனாரின் ஆபரேஷனுக்காக லீவு போட்டிருப்பதாகச் சொன்னாள். காலையிலிருந்து சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூத்தவள் கிண்ணத்தோடு ஷெட்டுக்குப் போனாள்.

அது பழைய கார். மாமனார் நிலவரைபட அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் வாங்கியது. உள்ளே, முன்பக்கம் முழுவதும் குறுக்காகப் பளபளப்பான மரப்பலகை. சாவித் துவாரமும் அந்தப் பலகையிலேயே, ஸ்டீரிங்குக்கு வலப்புறம் இருந்தது. அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போடுவார் என்று மாமனாருக்கு அலுவலகத்தில் பெயர். ஓய்வுபெற்ற பிறகும் வீட்டு பிளான் வரைந்து வாங்கிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். போன வருடம் திடீரென்று பிளான் வரைவதை நிறுத்தினார். “போதும், சலிச்சுப்போச்சு” என்றார். கார் ஓட்டுவதையும் நிறுத்தினார். “டயர் பழசு” என்றார். வீடு நம்பியது.

ஆனால் தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், பேட்டரி செத்துவிடக் கூடாது என்று. எஞ்சின் சத்தம் கேட்டதும் மூத்தவள் இரண்டு கப் காபியோடு போய் இடது சீட்டில் உட்கார்வாள். கார் எங்கும் போகாது. இருவரும் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கோணல் கேட்டைப் பற்றி, நிலாவுக்கு ஏன் ஒரு முகம்தான் தெரிகிறது என்பதைப் பற்றி. அவள் பேச்சு மெதுவானது. வீட்டில் மற்றவர்கள் அவள் வாக்கியத்தை அவளுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். மாமனார் மட்டும் காத்திருப்பார்.

நாலு மாதம் முன்பு ஒருநாள் மாமியார் குடையைத் தேடிக் காருக்குள் தலையை விட்டார். அடுத்த நொடி தெருவுக்கே கேட்டது.

“ஐயையோ! யாரு இப்படிக் கீறி வெச்சது?”

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஸ்டீரிங்குக்குப் பின்னால், சாவித் துவாரத்தைச் சுற்றி, பூனை பிறாண்டிய மாதிரி கீறல்கள்.

“எங்கே? எங்கே?” என்றார் மாமனார். சீட்டில் உட்கார்ந்து பலகையைத் தடவினார். கீறல் வலப்பக்கம் இருந்தது. அவர் கை இடப்பக்கம் கார் ரேடியோவைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது.

மூத்தவள் அந்தக் கையைப் பார்த்தாள். எல்லாம் அப்போதே புரிந்தது. டயர், சலிப்பு, பிளான், எல்லாம். இன்னும் ஒரு நிமிடம் போனால் மற்றவர்களும் அந்தக் கையைப் பார்த்துவிடுவார்கள்.

“நான்தான், அத்தை,” என்றாள். “துடைக்கும்போது வளையல் பட்டுடுச்சு.”

மாமனாரின் கை நின்றது.

“நீயாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசி வார்த்தை. மறுநாள் அவள் காபியோடு போனபோது இடது கதவு உள்ளே பூட்டியிருந்தது.

கீறலைப் பார்த்த அன்று மாலை, பஸ் ஓட்டிக் களைத்து வந்த கணவன் கேட்டான். “நீ அந்தப் பக்க சீட்டுல உட்கார்ந்ததே இல்லியே?”

“துடைக்கும்போதுன்னு சொன்னேன்ல?”

“சரி, நீ சொன்னாச் சரி.” அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

சும்மா விட்டால் மாமனார் டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொள்ள மாட்டார். அதனால் அவளே ஒரு வாரம் தலைவலி, கண்வலி என்று சொன்னாள். ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டும் என்றாள். கோபம் இருந்தாலும் மருமகளைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“பின்னாடி இருக்கற அம்மாவை அடுத்த ஸ்டாப்புல இறங்கச் சொல்லுங்க.”

“ஏன் சார், நீங்க யாரு?”

“அவளோட மாமனார்.”

ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸின் காதில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். டாக்டர் அவள் கண்ணைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். “வந்ததுதான் வந்தீங்க, ஐயாவுக்கும் பார்த்துடுவோம்” என்று அவரை உட்காரவைத்தார்.

“இது எத்தனை விரல்?”

“எது?” என்றார் மாமனார்.

டாக்டர் விரல்களை மடக்கிக்கொண்டார். “புரை முத்திப்போச்சு, ஆபரேஷன் பண்ணணும்” என்றார்.

திரும்பும்போது மாமனார் பஸ் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். “கண்ணுல லேசாப் புகை மாதிரின்னு வீட்டுல சொன்னாப் போதும்.” பின் சீட்டிலிருந்து அவள் “சரி மாமா” என்றாள்.

இப்போது கண் வரப்போகிறது. அவள் அதற்குத்தான் ஆசைப்பட்டாள், அதற்குத்தான் பயந்தாள். மற்றவர்கள் கீறலைப் பார்த்தால் கீறல்தான் தெரியும். மாமனார் பார்த்தால் கோடு தெரியும். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது, எந்தக் கை போட்டது என்று படித்துவிடுவார். தன் கை இருட்டில் தடவிய தடங்களை அவரே பார்ப்பார். நிரபராதியை நாலு மாதம் தண்டித்ததையும் சேர்த்து.

உண்மையைச் சொன்னால் இடது சீட் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அது அவளுக்கும் தெரிந்தது. அவள் பனியன் துணியைத் தண்ணீரில் நனைத்தாள்.

ஹார்ட்வேர் கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். “தண்ணி தொட்டு வைம்மா. கீறல் மறைஞ்சா வார்னிஷோட போச்சு, தேய்ச்சா சரியாயிடும். மறையலேன்னா மரத்துல இறங்கிடுச்சு, வந்து என்கிட்ட அழு.”

ஈரத்துணியை வைத்து எடுத்தாள். பெரும்பாலான கீறல்கள் மாயமாய் மறைந்தன. வார்னிஷில் விழுந்த பள்ளத்தின் ஓரங்களில் ஒளி சிதறுவதால்தான் கீறல் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் நிரம்பினால் சிதறல் குறையும். ஈரம் காயக் காய அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆனால் துவாரத்துக்குக் கீழே சில கீறல்கள் தண்ணீருக்கும் மசியவில்லை. அவை மரம் வரை போயிருந்தன. அந்த மரமும் காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமனான ஏடுதான். அழுத்தித் தேய்த்தால் ஓட்டை.

துவாரத்தின் உலோக வளையத்தைச் சுற்றி டேப் ஒட்டினாள். மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, மர ரேகை ஓடும் திசையில் மெல்ல இழுத்தாள். பால் போல ஒரு குழம்பு வந்தது. துடைத்தாள். மறுபடி இழுத்தாள். மேலோட்டமான கீறல்கள் ஒரு மங்கலுக்குள் கரைந்தன. பாலிஷைத் தொட்டு வட்டமாகத் தேய்த்ததும் மங்கலும் போனது. அந்த இடத்தில் அவள் மூக்கு தெரிந்தது.

“அக்கா, சூப்பர்!” சின்னவள் இடது சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். “நானும் ஒரு மூலையில பற்பசை போட்டுப் பார்க்கட்டா?”

“வேண்டாம்.”

“கொஞ்சூண்டு?”

“வேண்டாம்மா.”

ஆழமான கீறல்களுக்கு மரநிறப் பேனாவால் வண்ணம் கொடுத்தாள். பல்குச்சி நுனியில் வார்னிஷைத் தொட்டுப் பள்ளத்தில் சொட்டாக விட்டாள். காய்ந்ததும் சுருங்கும். மறுபடி விட வேண்டும். பிறகு அந்த இடம் முழுவதும் ஒரு பூச்சு. சமையல் நேரம் வந்துவிட்டது. காயட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கணவன் போன் செய்தான். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருக்காங்க. சாம்பாருக்கு உப்பு இல்லேன்னு நர்ஸோட சண்டை போட்டுட்டார். அப்பா நல்லா இருக்கார்.”

மாமியார் கூடத்து மூலையில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மூத்தவள் அடுத்த பூச்சுப் பூசப் போனாள். தூரிகையை இழுத்தாள். வார்னிஷ் பரவவில்லை. சின்னச் சின்ன வட்டங்களாக விலகி விலகி ஓடியது. தாமரை இலையில் தண்ணீர் மாதிரி. துவாரத்தைச் சுற்றி நூறு கண்கள் திறந்தது போல இருந்தது.

அவள் விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். தையல் மெஷின் எண்ணெய்.

“அத்தை...”

மாமியார் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. தைத்துக்கொண்டிருந்தார், ஊசியில் நூல் இல்லாமல்.

“அத்தை, பலகையில எண்ணெய் தடவினீங்களா?”

“யாரு, நானா? நான் ஏன் தடவப் போறேன்? வேற வேலை இல்லியா எனக்கு?” மெஷின் நின்றது. “...பளபளன்னு இருக்கட்டுமேன்னுதான்!”

“ஐயோ அத்தை! எண்ணெய் மேல வார்னிஷ் ஒட்டாதே!”

“எனக்கென்னடி தெரியும், அது ஒட்டுமா ஒட்டாதான்னு!” மாமியாரின் குரல் உடைந்தது. “அவர் நாளைக்கு வந்து பார்ப்பார்... உன்னைத் திட்டுவார். இல்லேன்னா திட்டாம இன்னும் நாலு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார். காலையில நீ ரெண்டு கப் காபியைப் போட்டுட்டு ஒண்ணை மட்டும் சின்னவகிட்ட கொடுத்து அனுப்பறே பாரு... அதை என்னால இனிமே பார்க்க முடியாது!”

அந்தச் சமையலறையில் யாராவது தன் கப்களை எண்ணுவார்கள் என்று மூத்தவள் நினைத்ததே இல்லை.

“திட்டறது நான் திட்டுவேன்,” என்று மாமியார் மூக்கை உறிஞ்சினார். “மத்தவங்க எதுக்கு?”

அன்று இருட்டுவதற்குள் தின்னரால் எல்லாப் பூச்சையும் வழித்து எடுக்க வேண்டியிருந்தது. மாமியார் துணி நனைத்துக் கொடுத்தார். தின்னர் வண்ணத்தையும் கழுவிக்கொண்டு போனது. துவாரத்தைச் சுற்றியிருந்த பலகை பளபளப்பில்லாமல், வெறும் மரமாக, சவரம் செய்த முகம் போல இருந்தது. மேல்கீறல்கள் இல்லை. ஆழமானவை மட்டும் மிஞ்சின. மிஞ்சியவை முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. இனி வண்ணம் கொடுத்து, பூசி, காய்ந்து, தேய்க்க நாட்கள் ஆகும். மேலே செய்தித்தாளை வைத்து ஒட்டினாள்.

“ஒரு வாரத்துக்கு அவரை ஷெட்டுப் பக்கம் விடக் கூடாது, அத்தை.”

“நான் பார்த்துக்கறேன். தூசின்னு சொல்லிடலாம். டாக்டரே சொல்லியிருப்பார்.”

மறுநாள் ஆஸ்பத்திரி வேன் வாசலில் வந்து நின்றது. கணவன் முதலில் குதித்தான். “கண்ணைக் கசக்கக் கூடாது, குனியக் கூடாது, தூசி கூடாது, தலைக்குத் தண்ணி கூடாது!” ஸ்டாப் பெயர்களைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே வந்தான்.

பின்னால் மாமனார். கறுப்புக் கண்ணாடி. வாசல்படியில் நின்று அதைக் கழற்றினார். வீட்டை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒரு கண்தான் சரியாகியிருந்தது. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

“சுவர்ல இவ்வளவு அழுக்கா?” என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். “உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?”

“நீங்க பார்க்காத நேரத்துல,” என்றார் மாமியார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“ரேடியோ, நீ இவ்வளவு ஒல்லியா? குரலைக் கேட்டா அப்படித் தெரியலியே!”

“மாமா!”

மூத்தவளிடம் வந்ததும் கண் ஒரு கணம் நின்றது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அவருக்குக் காபி போட எல்லோரும் ஒரே நேரத்தில் சமையலறைக்குள் போனார்கள். அதுதான் தப்பு. திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

மூத்தவள் ஓடினாள். ஷெட் கதவு திறந்திருந்தது. மாமனார் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் கிழிந்து மடியில் கிடந்தது.

“மாமா, தூசி...”

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். துவாரத்தில் போட்டார். முதல் தடவையிலேயே போனது, ஒரு சின்னச் சத்தத்தோடு. சாவியை வெளியே எடுத்தார். மறுபடி போட்டார். மறுபடி முதல் தடவையிலேயே.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மங்கலான கண்ணை மூடிக்கொண்டு, பலகையைப் பார்த்தார். பிளான் பார்ப்பது போல. சுண்டுவிரல் ஒரு கீறலின் மேல் ஊர்ந்து துவாரத்தில் போய் முட்டியது. இன்னொரு கீறல். அதுவும் துவாரத்தில் முட்டியது. எந்தப் பக்கமிருந்து புறப்பட்டாலும் எல்லாம் அங்கேயே வந்து சேர்ந்தன.

“உன் வளையலைக் காட்டும்மா,” என்றார்.

நாலு மாதத்துக்குப் பிறகு அவளிடம் நேராக. அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“அது... வேற வளையல், மாமா. உடைஞ்சுபோச்சு.”

“வளையல் பட்டா இப்படியா விழும்?”

“துடைக்கும்போது... கை அங்கே இங்கே போகும்ல...”

“உனக்குப் பொய் நேரா வரல. கோணிக்கிட்டுப் போகுது.”

அதற்குள் மாமியார் கரண்டியோடு உள்ளே வந்துவிட்டார். “அவளை ஒண்ணும் சொல்லாதீங்க! சொல்லிட்டேன்! நேத்து பூரா முதுகு ஒடிய உட்கார்ந்து தேய்ச்சா. நல்லாத்தான் வந்துச்சு. எண்ணெய் தடவிக் கெடுத்தது நான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க!”

“இல்ல மாமா,” சின்னவள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “அந்த மூலையில வெள்ளையா இருக்கறது பற்பசை. அக்கா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் கொஞ்சூண்டு...”

“நானும் ஒண்ணு சொல்லிடட்டுமா?” என்றான் கணவன் கதவோரத்திலிருந்து. “போன வருஷம் அந்த ஹாரன் ரிப்பேர் ஆச்சே...”

“நீ அப்புறம் சொல்லு!” என்றார் மாமியார்.

மாமனார் சிரித்தார். சிரிக்கும்போதே புதுக் கண்ணில் தண்ணீர் ததும்பி நின்றது.

“ஐயோ, அழாதீங்க!” “அப்பா, கசக்காதீங்க!” “மாமா, கையை எடுங்க!” எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மூத்தவள்தான் முதலில் எட்டி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். அவர் அந்தக் கையை விடவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“விடுங்க மாமா,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “வேண்டாம்... இன்னும் ரெண்டு பூச்சுப் பூசினா ஒண்ணுமே தெரியாது. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே.”

“என்ன ரகசியம் பேசறீங்க ரெண்டு பேரும்?” என்றார் மாமியார். “வளையல் படலேன்னா அப்போ யாருதான் கீறினது?”

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான்தான். லேசாப் புகையெல்லாம் இல்ல, எனக்குக் கண்ணே தெரியல. தினமும் காலையில சாவியை வெச்சுக்கிட்டு இந்த ஓட்டையைத் தேடித் தேடி நான்தான் கீறினேன்... இவளுக்கு அது அன்னைக்கே தெரியும்.”